எண் வரிசையை விட்டு நாள் வரிசைக்கு

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் தேவாலயக் கண்டாட்டாக்களை, அதாவது வழிபாட்டுக்காகக் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் பல பகுதிப் படைப்புகளை, பல ஆண்டுகளாகப் பட்டியல் எண் வரிசையிலேயே கேட்டு வந்தேன். அந்த எண்ணுக்கும் காலத்துக்கும் தொடர்பில்லை என்பதும், 1851இல் வெளிவரத் தொடங்கிய பழைய முழுத்தொகுப்பின் அச்சு வரிசையே அது என்பதும் தெரிந்த பிறகு, முதலில் பாடப்பட்ட நாள் வரிசைக்கு மாறினேன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723இல் தேவாலய இசைப் பொறுப்பேற்ற பாக், மறு ஆண்டு ஜூன் 11 அன்று ஒரு புதிய வரிசையைத் தொடங்கினார். சபையார் நன்கறிந்த ஒரு லுத்தரன் பாடல்தான் ஒவ்வொரு கண்டாட்டாவுக்கும் அடித்தளம். முதல் சரணமும் கடைசிச் சரணமும் அப்படியே நிற்க, இடையில் உள்ளவை தனிக்குரல்களுக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டன. முதல் நான்கின் தொடக்கப் பகுதிகளில் பாடலின் மெட்டு முறையே சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ் எனக் குரல் குரலாகக் கீழிறங்குகிறது. முதலாவது பிரெஞ்சு ஓவர்ச்சர் என்னும் கம்பீரமான தொடக்க இசையின் நடையிலும், இரண்டாவது மோட்டெட் என்னும் பழைய பலகுரல் பாடலின் நடையிலும் அமைய, மூன்றாவதில் வயலின் ஒரு கன்சேர்ட்டோவில் போல முன்னே வருகிறது. மூன்றாவதும் நான்காவதும் ஜூன் 24, 25 என அடுத்தடுத்த நாள்களில் பாடப்பட்டவை என்பதை நாள்காட்டியில் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கின் வரலாற்றை எழுதிய பிலிப் ஷ்பிட்டா, இந்த வரிசையின் பெரும்பகுதியை 1735க்குப் பின் வைத்தார். முதுமையை நெருங்கும் ஒரு பக்திமான், தம் சபையின் பழம்பாடல்களிடம் ஓய்வாகத் திரும்பிய சித்திரம் அதனால் உருவாயிற்று. 1950களில் இசை ஆய்வாளர்கள் ஆல்ஃபிரெட் டூரும் கேயார்க் ஃபான் டாடெல்சனும் அச்சித்திரத்தைக் கலைத்தனர். அவர்கள் நம்பியது இசைநடையை அல்ல, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் தாளின் நீர்க்குறிகளையும், பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் படி எடுத்தவர்களின் கையெழுத்தையும். படி எடுத்தவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அவர்கள் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும், பள்ளியை விட்டுப் போனால் மறைந்துவிடும். அந்த மாற்றங்களை ஒன்றோடொன்று பொருத்தியபோது வரிசை முழுவதும் 1724க்கும் 1725க்கும் நகர்ந்து வந்தது. ஷ்பிட்டாவின் ஓய்ந்த முதியவரைவிட, வாரந்தோறும் மை காயாத தாள்களோடு ஞாயிற்றுக்கிழமையைத் துரத்திய இந்த முப்பத்தொன்பது வயதுக்காரரே இந்த இசைக்குப் பொருத்தமானவர் என்பேன்.

1725 பிப்ரவரி 11க்குப் பிறகு ஆறு வாரம் கண்டாட்டா இல்லை. அன்றைய லைப்சிக் தவக்காலத்தில் அதை அனுமதித்ததில்லை, மரியாளுக்குத் தூது சொன்ன திருநாள் மட்டுமே விதிவிலக்கு. அந்த ஆண்டு அத்திருநாளும் குருத்தோலை ஞாயிறும் மார்ச் 25 அன்று ஒன்றாக வந்தன. நான்கு நாள் முன்புதான் பாக்குக்கு நாற்பது நிறைந்திருந்தது. விடிவெள்ளியைப் பாடும் பழம்பாடலின் மேல், இரண்டு ஹார்ன்கள் முழங்க எழுந்த அன்றைய கண்டாட்டாவோடு அந்தத் தொடர் ஓட்டம் நின்றது. நான் எண் வரிசையில் முதன்முதலாகக் கேட்டதும் அதைத்தான்: அதன் பட்டியல் எண் 1.