தும்மலுக்கு முந்திய வாரம்

காட்பாடிப் பக்கம் ஒரு பூனைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சித்திரை வெயிலோடு குட்டிகளும் வர ஆரம்பிக்கும், அட்டைப்பெட்டியில். “பொறவிக் குருடுக்கா” என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். பல நேரம் குருடே இல்லை. பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தால் கண் திறந்துவிடும்.

கெட்ட வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை விட்டுவிட்டுக் கொண்டுவருவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, குட்டிக்கு ஹெர்பெஸ் வைரஸ் புண்ணும் இருந்தால் கருவிழியே போய்விடும்.

பூனைச் சளிக்குப் பெரும்பாலும் இந்த ஹெர்பெஸும் கலிசி வைரஸும்தான் காரணம். கண்ணை மட்டும் பிடிப்பது பல நேரம் கிளமிடியா என்ற பாக்டீரியா. கலிசி வந்தால் நாக்கில் புண் விழும், தட்டைப் பார்த்ததும் எச்சில் ஒழுகும். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை இல்லாவிட்டால் சாப்பாடும் இறங்காது. மீனைச் சூடாக்கிக் கொடுத்தால் சில சமயம் மசியும்.

தும்மலைவிட எங்கள் கைதான் அதிகம் பரப்புகிறது. கை, தட்டு, சட்டை. அதனால் நல்ல பூனைகளை முதலில் கவனித்துவிட்டு, நோயாளி அறைக்குக் கடைசியில்தான் போவோம். பினாயில் பூனைக்கு விஷம். சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர். கலிசி அதற்கு அடங்கும்.

எனக்குப் புரிய நாளானது வேறொன்று. ஹெர்பெஸ் குணமான பின்னும் நரம்பில் ஒளிந்திருக்கும். பூனை மிரண்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்ப வெளியே வரும். முன்பெல்லாம் கூண்டு கழுவுகிறோம் என்று எல்லாப் பூனைகளையும் தூக்கி இடம் மாற்றுவோம். அடுத்த வாரம் அறையே தும்மும். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும், அறவே தடுக்காது. இப்போது பூனையை அதன் இடத்திலேயே விட்டு, அழுக்கான மூலையை மட்டும் துடைக்கிறோம். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் வைக்கிறோம்.

நன்கொடை தர வருகிறவர்கள் புதுக் கூண்டு வாங்கித் தரட்டுமா என்பார்கள். வேண்டாம் சார், கூண்டு கூடினால் பூனையும் கூடும். வெல்டருக்குக் கூலி கொடுங்கள், இரண்டு கூண்டுக்கு நடுவே ஒரு வழி வெட்டிவிடலாம். ஒரு பக்கம் துடைக்கும்போது பூனை தானே மறுபக்கம் போய்விடும்.