மாமியாருக்கு என்று சொன்னவர்

மூன்று மாதங்களுக்கு முன், ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, கவுன்டரில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக இருப்பவள் சொல்ல வேண்டிய வார்த்தைதான் அது என்று பகலில் தோன்றுகிறது. இரவில் ஷட்டரை இறக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

வந்தவர் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர் என்பது சீருடைப் புடவையிலேயே தெரிந்தது. மற்றபடி எனக்கு முன்பின் தெரியாதவர். பால் கவருக்குள் மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டையும், தீர்ந்துபோன எனலாப்ரில் அட்டை ஒன்றையும் நீட்டினார். நான் மாத்திரையை எடுத்து வைத்ததும் குரலைத் தாழ்த்தி, "பெரியவங்களுக்குப் போடுற டயப்பர் இருக்காமா? எங்க மாமியாருக்கு" என்றார். எந்த சைஸ் என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். இடுப்பு எவ்வளவு இருக்கும் என்று கேட்டதும், இரண்டு கைகளையும் தம் இடுப்பில் வைத்து, வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். அப்போது அவருக்கு இருமல் வந்தது. சளியில்லாத வறட்டு இருமல். கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மறுகாலின் குறுக்கே போட்டு, தொடைகளை இறுக்கியபடி, கண்களை மூடிக்கொண்டு இருமினார்.

எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு இப்படிப்பட்ட வறட்டு இருமலைத் தரும் என்பது எங்கள் படிப்பின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. இருமும்போது வயிற்றில் ஏறும் அழுத்தம் சிறுநீர்ப்பையை நெருக்கும். பிரசவத்தாலும் வயதாலும், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்த பெண்களுக்கு அந்த நேரத்தில் சிறுநீர் கசிந்துவிடும். சீட்டில் வயது 47 என்று இருந்தது. மாத்திரை, இருமல், குறுக்கே போட்ட கால், டயப்பர் என்று எல்லாம் ஒரே நொடியில் என் மனத்தில் பொருந்தின. பொருந்தியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி வந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த மகிழ்ச்சியில்தான் பேசினேன்.

"அக்கா, இது உங்களுக்கா? இந்த மாத்திரையாலகூட இருமல் வரலாம். டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பாங்க. வெட்கப்படாதீங்க."

கண் சொட்டு மருந்துக்காகப் பக்கத்தில் நின்றிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். அலமாரி அருகே இருந்த எங்கள் கடைப் பையனும் திரும்பினான். அந்த அம்மா என்னை மட்டும் பார்த்து, "மாமியாருக்குன்னுதானே சொன்னேன்" என்றார். சீட்டை எடுத்துப் பால் கவருக்குள் வைத்தார், போய்விட்டார். டயப்பரை வாங்கவில்லை. எடுத்து வைத்திருந்த மாத்திரையையும் வாங்கவில்லை. காலி அட்டை மட்டும் கண்ணாடியின் மேல் கிடந்தது.

கேட்டது சரிதான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் காரணங்கள் உண்டு. டயப்பரை எடுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் போட்டிருந்தால், பயிற்சியாலேயே பலருக்குக் குறைகிற ஒரு தொல்லைக்கு அவர் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவழித்துக்கொண்டிருப்பார். அர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மருத்துவர் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியை 1948-ல் எழுதி வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கி, சில நொடிகள் வைத்திருந்து விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். காசு வேண்டாம், புடவை மடித்துக்கொண்டே செய்யலாம். இதைச் சொல்லாமல் டயப்பரை மட்டும் விற்பவள் எப்படி மருந்தாளுநராவாள்? நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எங்கள் கடமை என்று 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிமுறைகளும் சொல்கின்றன.

கேட்காமல் விட்டதன் வருத்தமும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்று சொல்லி மாதக்கணக்கில் மூலத்துக்கான களிம்பு வாங்கிப்போன ஒருவரிடம் நான் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. மலத்தோடு ரத்தம் போனால் மூலம்தான் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயும் அப்படிக் காட்டும் என்பதை நான் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். திடீரென்று அவர் வருவது நின்றுபோனது. குணமாகியிருக்கலாம், வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவர் முகம் நினைவில் இருந்ததால்தான் அன்றிரவு வாயைத் திறந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அந்த நொடியில் அவர் நினைவு எனக்கு வரவே இல்லை என்பதே உண்மை.

எங்கள் கவுன்டருக்கு யார் யாரோ யார் யாருக்காகவோ வருகிறார்கள். தொடையிடுக்குப் படர்தாமரை நண்பனுக்கு, பேன் மருந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை அண்ணிக்கு. சென்னையில் எங்கள் ராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது, பெண்களுக்கென்றே இருக்கிறது. அங்கே போகாமல் என்னிடம் வருவது, நான் அவர்களுக்கு யாரும் இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். பெயர் கேட்க மாட்டேன், நாளை தெருவில் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. "மாமியாருக்கு" என்ற ஒரு சொல்லைத் தமக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு தூரம் வந்து கேட்டார். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றவர், இந்தத் தொல்லையோடு நின்றவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் இருமும்போது காலை எப்படி வைத்துக்கொள்வது என்பதை அவரேதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த மறைப்பை நான் இரண்டு பேர் முன்னால் இழுத்தேன். "வெட்கப்படாதீங்க" என்று சொன்ன பிறகு ஒருவர் வேறு எதைப் படுவார்?

அன்றிரவு அவர் ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்பதுதான் பல நாள் என்னை உறுத்தியது.

போன வாரம் ஓர் இளம்பெண் வந்து, சித்திக்குத் தும்மினால் சிறுநீர் கசிகிறது, என்ன வாங்கலாம் என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "சித்திகிட்ட இப்படிச் சொல்லும்மா" என்று தொடங்கினேன். பயிற்சியைச் சொன்னேன். மாத்திரை போடும் காகித உறை ஒன்றில் எட்டு, மூன்று வேளை, மூன்று மாதம் என்று எழுதிக் கொடுத்தேன். "சித்தி உட்கார்ந்துக்கிட்டே செய்யலாமா?" என்று கேட்டாள். செய்யலாம் என்றேன். நாப்கின் பாக்கெட் ஒன்றை வாங்கி, உறையை அதற்குள் செருகிக்கொண்டு போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் படியிறங்கிய பிறகுதான், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா, சிறுநீரில் ரத்தம் கலந்து வருகிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று எதையுமே கேட்கவில்லை என்பது உறைத்தது. சித்தியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. எட்டிப் பார்த்தேன், தெருவில் அவளைக் காணவில்லை.