கிழிந்த துளைநாடாவை ஒட்ட ஒரு பலகை

ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் பழைய கணினித் துளைநாடாச் சுருள்கள் சில மலிவாகக் கிடைத்தன. எழுத்துகளைத் துளைகளாகக் குத்திச் சேமிக்கும் காகித நாடா இது. எட்டுத் துளை வகை: குறுக்கே ஒரு வரிசைக்கு எட்டுத் துளை இடங்கள், ஒரு வரிசை ஓர் எழுத்து. அகலம் ஓர் அங்குலம், கனம் 0.1 மில்லிமீட்டர். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்குப் பத்து எழுத்து வீதம் குத்தித் தள்ளியது இத்தகைய நாடாவைத்தான். முன்பு வைத்திருந்த யாரோ கிழிசல்களில் செலோ டேப்பை ஒட்டியிருந்தார். அது மஞ்சளாகி, பசை கசிந்து, அடுத்த சுற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புண்ணியவானை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. கிழிசல்களைச் சரியாக ஒட்ட நானே ஒரு பலகை செய்துகொண்டேன்.

நாடாவை ஒட்டுவதில் பசை இரண்டாம் பட்சம், இடைவெளிதான் முதல். வரிசைக்கு வரிசை 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒட்டிய இடத்தில் இது சற்றுப் பிசகினாலும் நாடாவைப் படிக்கும் பொறி தடுமாறும். இந்த அளவை நான் அளக்கவே தேவைப்படவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் துளையிட்ட சர்க்யூட் போர்டிலும் இதே இடைவெளிதான். அதன் ஒரு மில்லிமீட்டர் துளைகளில் எஃகுக் கம்பித் துண்டுகளை வரிசையாக நட்டு, போர்டை மெர்பாவ் மரப்பலகையில் பதித்தேன். நாடாவை நகர்த்துவதற்காக நடுவே ஓடும், எட்டில் மூன்றை ஒருபுறமும் ஐந்தை மறுபுறமும் பிரிக்கும் சிறு துளைகள் 1.17 மில்லிமீட்டர் என்பதால் கம்பிகளில் லேசாக இறங்கிவிடுகின்றன. கம்பி வரிசையிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் தள்ளி அலுமினியத் தடுப்பு ஒன்று. நாடாவில் மூன்று துளைகள் உள்ள பக்கத்து விளிம்பு அதில் சாய்ந்து நிற்கும்.

கம்பி முனைகளை உருட்டி அரத்தால் தேய்த்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தவர். "காகிதம் தானாக உட்கார வேண்டும் தம்பி, நீ அழுத்தினால் துளையின் காது கிழியும்" என்றார். மழைநாளில் காகிதம் ஈரம் குடித்து உப்பிக்கொள்வதால் அன்றைக்கு வேலையைத் தொடுவதில்லை. சுருள்களை சிலிக்கா ஜெல் போட்ட பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

எழுத்தைக் குறிக்கும் தரவுத் துளை 1.83 மில்லிமீட்டர். ஆகவே இரு வரிசைகளுக்கு நடுவே எஞ்சும் காகிதம் வெறும் 0.71. பிளேடு அந்த வரப்பில்தான் நடக்க வேண்டும். வெட்டிய முனைகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றாமல் முட்டவைத்து, அடியில் மெல்லிய டிஷ்யூத் துண்டை நீர்த்த வெள்ளைப் பசையால் ஒட்டுகிறேன். எண்ணெய் ஊறிய நாடாவில் பசை பிடிக்காது. முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

டிஷ்யூ மூடிய துளைகளைத் திறக்கத் தனியாக ஒரு குத்தூசி. இரண்டு பித்தளைப் பட்டைகளை ஒன்றாகப் பிடித்து 1.8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் துளைத்தேன். அதே பிட்டின் தண்டை முனை தட்டையாகத் தேய்த்தால் அதுவே குத்தூசி. பட்டைகளுக்கு இடையே நாடா நுழையும் அளவுக்கு மட்டும் இடம்.

கிழிசல் துளையின் மீதே ஓடியிருந்தால், அங்கே துளை இருந்ததா இல்லையா என்ற குழப்பம் வரும். என்னிடமுள்ள சுருள்கள் இரட்டைப் பேரிட்டி முறையில் குத்தப்பட்டவை: ஒவ்வொரு வரிசையிலும் துளைகள் இரட்டை எண்ணில் இருக்கும். ஒரு துளைதான் சந்தேகம் என்றால் மற்றவற்றை எண்ணினாலே விடை கிடைத்துவிடும். இரண்டு போயிருந்தால் முன்பின் எழுத்துகளைப் பார்த்து ஊகிப்பதுதான் வழி.

சந்தையில் அள்ளியவற்றில் தந்தி போலச் செய்தி அனுப்பப் பயன்பட்ட ஐந்து துளை டெலக்ஸ் நாடாவும் ஒன்று உண்டு. அகலம் குறைவானாலும், மூன்று துளைப் பக்கத்தைத் தடுப்பில் சாய்த்தால் அதே கம்பிகளில் அப்படியே உட்காருகிறது. அடுத்து அதைத்தான் பிரிக்கப்போகிறேன்.