இடம் மாறிய தசைநாண்

ஜூன் 3

கை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 12.

சாவியைத் திருக முடிகிறது, சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. இரண்டும் ஒரே கட்டைவிரல்தான். பக்கவாட்டில் அழுத்துகிற தசைக்கு வேறு நரம்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற விரல்களின் நுனியைத் தேடி வருகிற தசைக்குத்தான் உயிர் இல்லை, அதன் நரம்பு போய்விட்டது. கட்டைவிரலடி மேடு வற்றி எலும்பு தெரிகிறது.

ஜூன் 7

இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நரம்பே வந்துவிடாதா என்று மறுபடியும் கேட்டேன். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். தசை அதுவரை தாங்காது. 12 முதல் 18 மாதத்துக்குள் வந்து சேராவிட்டால் அப்புறம் வந்தும் பயனில்லை. அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

ஜூன் 9

எடுக்கப்போவது சுட்டுவிரலை நீட்டுகிற தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நார். அந்த விரலுக்கு இரண்டு உண்டு: ஒன்று எல்லா விரல்களுக்குமான பொதுத் தசையிலிருந்து வருவது, இன்னொன்று அதற்கே உரியது. உரியதை விரலின் அடிக்கணுவருகே வெட்டி, மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து கட்டைவிரலில் தைப்பார்கள். ஏன் அவ்வளவு சுற்று? கட்டைவிரல் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் இழுக்கவேண்டும்.

இன்று முழுக்க முஷ்டியை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிற விரலில் கத்தி வைக்கவேண்டியிருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இடம் மாறும் தசை பலத்தில் ஒரு படி இறங்குமாம். 0 முதல் 5 வரையிலான அளவில் 5 இருந்தால் 4. பித்தானுக்கு 4 போதுமா?

ஜூன் 11

தூக்கம் இல்லை.

ஜூன் 12

இடது கையால் தட்டுகிறேன்.

முழு மயக்கம் இல்லை, கையில் மட்டும் மரத்துப்போகிற ஊசி. ரத்தம் கசியாமலிருக்க அதிலேயே அட்ரினலின் கலந்திருந்தார்கள், அதனால் மேல்கையில் இறுக்குப்பட்டையும் இல்லை. நடுவில் டாக்டர், “சுட்டுவிரலை நீட்டுங்க” என்றார். நீட்டினேன். திரையை விலக்கிக் காட்டினார். கட்டைவிரல் எழுந்து, உள்ளங்கையைத் தாண்டி வந்தது. “இன்னொரு தடவை.” தையலை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அழுதுவிட்டேன். அதைத் துடைக்க ஒரு நர்ஸ் வரவேண்டியிருந்தது.

ஜூன் 20

மாவுக்கட்டுக்குள் அசைத்துப் பார்க்கக் கூடாது. கூடாது. கூடாது.

ஜூன் 27

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் பிற்பகுதியில் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இப்படித் தசைநாண் மாற்றிக் கொடுத்தார். விரல்கள் நிமிர்ந்தன, ஆனால் தொட்டுணர்வு திரும்பவில்லை. அதைப் படித்ததிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை. எனக்கும் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளில் பாதி உணர்வுதான். தசைநாண் அசைவைத்தான் தரும். பித்தானைப் பிடித்தால் பிடித்தது தெரியுமா? கண்ணை எடுத்தால் நழுவுமா? வாழ்நாள் முழுக்கக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமா? அக்கா, “முதல்ல கட்டைப் பிரிக்கட்டும்டா” என்கிறாள். அவள் சொல்வது சரி. ஆனால் ராத்திரியில் அது சரியாகத் தோன்றுவதில்லை.

ஜூலை 10

கட்டைப் பிரித்தார்கள். அசையவில்லை. தியேட்டரில் வந்ததே!

தெரபிஸ்ட் பதறவேயில்லை. “கட்டைவிரலை மறந்துடுங்க சார். சுட்டுவிரலை நீட்டுறதா மட்டும் நினைங்க.”

ஜூலை 11

நினைத்தேன். ஒன்றும் இல்லை. தழும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டதோ?

ஜூலை 15

வந்தது. ஒரு துளி. அக்காவும் பார்த்தாள்.

ஜூலை 24

கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்பதற்கு மதிப்பெண் இருக்கிறது. சுட்டுவிரல் நுனி 3, நடுவிரல் 4, மோதிரவிரல் 5, சுண்டுவிரல் 6. அப்புறம் சுண்டுவிரலில் மேலிருந்து கீழாக இறங்கி, உள்ளங்கை ரேகை 10. இன்று 5. நுனியோடு நுனி, நகம் தெரியாமல், சதையோடு சதை.

ஜூலை 30

பித்தான் போட்டேன். பார்த்துக்கொண்டே போட்டேன். கழுத்துப் பித்தானைக் கண்ணால் பார்க்க வழியில்லை, அது போடவரவில்லை. பயந்தது அதுதான். எரிச்சலில் யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 6

ஒருவர் வழி கேட்டார். சுட்டிக் காட்டினேன், கட்டைவிரலும் கூடவே எழுந்துவிட்டது. இரண்டையும் பிரித்து நினைக்க மூளைக்கு நாளாகுமாம். அழுத்திப் பிடிக்க இன்னும் அனுமதி இல்லை. 12 வாரம் வரைக்கும் கனம் தூக்கக் கூடாது.

நாளைக்குக் கேட்கவேண்டியது: ராத்திரி கைக்குக் கட்டுகிற ஸ்ப்லின்ட் எதுவரை, நுனி உணர்வுக்குத் தனியாகப் பயிற்சி உண்டா, அப்புறம்