தியாக்கை என்றால் என்ன?

நான் தமிழ் ஆசிரியையாகி 17 வருடம் ஆகிறது. வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஊரில் அரசுப் பள்ளி. இந்த 17 வருடத்தில் முக்கால்வாசிக் காலம் என் பிள்ளைகள் செய்யுளை விரலால்தான் மனப்பாடம் செய்தார்கள். வினாத்தாளில் ‘அடிபிறழாமல் எழுதுக’ என்று வரும். அதற்காக ஒரே பாட்டை இருபது தரம் எழுத வைப்பேன். ஒரு கால், ஒரு கொம்பு தப்பாமல் எழுதிவிடுவார்கள். அதே பாட்டை எழுந்து நின்று சொல்லச் சொன்னால், மூச்சுவிடாமல் ஓடிப் போய் முட்டுச்சுவரில் நிற்பது போல நிற்பார்கள். அப்படிச் சொல்லித்தந்தது நான்தான்.

ஒரு வருடம் இலக்கிய மன்றத்துக்காக, கர்ணன் சாகும் தறுவாயில் பேசும் வில்லிபாரதப் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். கையில் இருந்தது பழைய பதிப்பு. சீர் பிரித்து அச்சிட்டிருந்தது:

‘ஆவியோ நிலையிற் கலங்கிய தியாக்கை
யகத்ததோ புறத்ததோ வறியேன்’

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “தியாக்கைன்னா இன்னாம்மா?”

‘கலங்கியது’, ‘யாக்கை’ (உடம்பு) என்று இரண்டு சொல். சேரும்போது கடைசி உகரம் இகரமாகக் குறுகும், அதுதான் குற்றியலிகரம். அப்படி வந்த ‘தி’ அடுத்த சீரோடு ஒட்டிக்கொண்டதால் ‘தியாக்கை’ ஆகிவிட்டது. இதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். இலக்கணக் குறிப்பும் கொடுத்தேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கர்ணன் செத்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் அந்த வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய. ‘பாரதம் வைத்தால்’ ஊரே அதிலேதான் இருக்கும். மதியம் பந்தலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் விழும் படுகளம், தீமிதி. பிரசங்கத்துக்கு அடிப்படை வில்லிபுத்தூரார் எழுதிய பாரதம்தான். 4,300 பாட்டுக்கு மேல். மழை இல்லாத வருடத்தில் விராட பருவத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். படிப்பது என்றால் வாய்விட்டு, நாலு பேர் காதில் விழும்படி படிப்பது. அதற்கு வேறு அர்த்தமே அங்கே கிடையாது.

அந்த வருடக் கோடையில் ஒரு நாள், பள்ளி வேலையாக வந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பந்தலில் போய் உட்கார்ந்தேன். பதினேழாம் நாள் போர். பிரசங்கியாருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பாட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கரும்பலகைப் பாட்டு வந்தது. ‘ஆவியோ நிலையிற் கலங்கியது’ என்றார், நிறுத்தினார். ‘யாக்கை’ என்று தனியாக எடுத்தார். ‘அகத்ததோ’ என்று கேட்டார். உடனே பதில் சொல்வதற்கு யாரும் இல்லாதது போலக் கொஞ்சம் பார்த்துவிட்டு, ‘புறத்ததோ’ என்றார். அப்புறம் மெதுவாக, ‘அறியேன்’. உயிர் உடம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று தெரியவில்லை என்கிறான். எனக்கு முன்னால் இருந்த அம்மாக்கள் யாருக்கும் பதவுரை தேவைப்படவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள்.

நான் அந்த இடத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். முதல் அடி முழுக்கத் துண்டு துண்டாக இருக்கிறது. அம்பு தைத்தவனுக்கு அவ்வளவுதான் மூச்சு. அடுத்த அடியில், வேதியன் வேடத்தில் கேட்டு வந்த கண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததுமே, ‘பாவியேன் வேண்டும் பொருளெலாம் நயக்கும் பக்குவந் தன்னில்வந் திலையால்’ என்று ஒரே இழுப்பில் போகிறது. நான் கொடுக்க முடிந்த காலத்தில் நீ வரவில்லையே என்கிறான். தானம் என்றதும் அவனுக்கு மூச்சு திரும்பி வருகிறது. இதை எந்த உரையிலிருந்தும் நான் எடுக்கவில்லை, காதால் கேட்டதுதான்.

பெரியவரைப் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு வந்தார். நான் பிள்ளைகளை ராகம் பாட வைப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. “ராகத்த அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. மொதல்ல அவன் இன்னா சொல்றான்னு என்கிட்ட சொல்லு” என்றார். முதல் இரண்டு வாரம் பாட்டை வெறும் பேச்சாகத்தான் சொன்னார்கள். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் சீரைக் கையில் தட்டி, ஏழு சீரும் எங்கே விழுகிறது என்று காட்டினார். ராகம் அதற்கும் பிறகுதான் வந்தது.

இந்த வரிசை ரொம்ப முக்கியம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு தடவை நான் செல்போனில் இசையோடு இருந்த செய்யுள் பாடல்களைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள், சொல்லை விட்டுவிட்டார்கள்.

குறளுக்கும் இதே கதைதான். ஒரு நிமிடத்தில் எத்தனை குறள் என்று எண்ணும் போட்டிக்கு நானே பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். வெண்பாவின் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயர். ஒருவர் கேட்க, இன்னொருவர் விடை சொல்வது போல வரும் ஓசை. ‘யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன் சாந்துணையுங் கல்லாத வாறு’ என்பதை ஓடிக்கொண்டே சொல்ல முடியுமா? எந்த நாடும் உன் நாடாகுமே, எந்த ஊரும் உன் ஊராகுமே, பிறகு ஏனப்பா சாகும் வரைக்கும் படிக்காமல் இருக்கிறாய் என்று தோளில் கை போட்டுக் கேட்கிற குறள் அது. அதை இரண்டு நொடியில் சொல்லி முடித்த பையனுக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நம் பக்கத்தில் இதற்கு வழிகாட்டி இல்லாமலும் இல்லை. காட்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழை ஊர் ஊராகப் பாடியே பரப்பினார். டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுகிற வழக்கம் அவர் தொடங்கியது. திருப்புகழின் சந்தம் ஏடு படித்தவர்களோடு நிற்காமல் இத்தனை வாய்களுக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்த வருடப் பாரதத்தில், பதினேழாம் நாளன்று பெரியவர் என்னிடம் கேட்டார்: “தமிழம்மா, அந்தப் பொண்ணைச் சொல்லச் சொல்லலாமா?” தியாக்கை கேட்டவள்தான். பள்ளிச் சீருடையோடு மைக் முன்னால் நின்றாள். கைகளைப் பிசைந்துகொண்டு தொடங்கினாள். ‘அகத்ததோ’. ‘புறத்ததோ’. ‘அறியேன்’. நிறுத்திவிட்டாள். மைக் இரைச்சல் மட்டும் கேட்டது. மறந்துவிட்டாளோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். பெரியவர் வேண்டாம் என்று விரலைக் காட்டினார். முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “சொல்லு கண்ணு, சொல்லு” என்றாள், கர்ணனிடம் சொல்வது போல.

அவள் நிமிர்ந்து மூச்சை இழுத்தாள். ‘பாவியேன்’ என்று எடுத்தாள்.