மருந்துக்கு முன் ரத்தம்: மகளின் டைபாய்டைக் கண்டறிந்த விதம்

வேலூரில் மழை ஓய்ந்த வாரங்களில் என் மகளுக்கு வந்த காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்தால் சற்றே தணிவதும் மாலையானால் மறுபடி ஏறுவதுமாக நீடித்தது. வயிற்று வலியும் இருந்தது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடால் என்ற ரத்தப் பரிசோதனை செய்து உடனே மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். குழந்தை மருத்துவரோ, ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைகூட உள்ளே போகுமுன் பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுத்தாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

அவர் சொன்ன காரணத்தை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். 1896-இல் வந்த விடால் முறை, கிருமியை அன்றி, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளையே காட்டுகிறது; முன்பே அக்கிருமியையோ அதன் உறவுக் கிருமிகளையோ சந்தித்தவர்கள் நிறைந்த ஊரில், டைபாய்டு இல்லாதவருக்கும் இருப்பதாக அது எளிதில் காட்டிவிடும். கல்ச்சரில் கிருமியே வளர்கிறது. ஆனால் டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவு என்பதால், பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேரிடம் கல்ச்சரும் நோயைத் தவறவிடும்; மருந்து தொடங்கிவிட்டால் வாய்ப்பு இன்னும் சுருங்கும். குழந்தையிடம் இவ்வளவு ரத்தமா என்று நாம் பதறும் அளவு தேவைப்படுவதும் அதனால்தான்.

டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி வளர்ந்திருப்பதாகவும், ஆன்டிபயாட்டிக்குகளில் சிப்ரோபிளாக்சசின் பலிக்காது, செஃப்ட்ரியாக்சோன் பலிக்கும் என்றும் அறிக்கை வந்தது. சரியான ஊசி ஏறத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் விட நான்கைந்து நாட்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், மருந்தை மாற்றச் சொல்லி நாங்கள் நெருக்கவில்லை.

இந்த அறிக்கை என் மகளோடு முடிந்துவிடும் ஒன்றன்று. வேலூர் உள்ளிட்ட இடங்களில் 2017 முதல் 2020 வரை குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, பரிசோதனையில் பிடிபடாமல் போயிருக்கக்கூடிய நோயாளிகளையும் கணக்கில் கொண்டு, நகரப் பகுதிகளில் லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு கண்டதாகவும், புனே பக்கத்துக் கிராமப் பகுதியில் அது 35 மட்டுமே என்றும் கண்டறிந்தது. காய்ச்சல் வந்தவர்களின் ரத்தத்தை முறையாகக் கல்ச்சர் செய்ததால்தான் இவ்வளவு பெரிய வேறுபாடு வெளிப்பட்டது. ஊகத்தில் மருந்து கொடுத்து அனுப்பப்படும் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து, வேறு வீடுகளில் காய்ச்சல் உண்டா என்று விசாரித்து, குழாய்த் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்துச் சென்றார். இப்போது கொதிக்கவைத்த தண்ணீரையே குடிக்கிறோம். இளையவனுக்கு டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியும் போட்டாயிற்று.