தேயாத கருவிக்கு முதுமை வருவது எப்படி?

திரையில் ஒரு கீறல்கூட இல்லாத, பேட்டரி நாள் முழுவதும் தாங்குகிற கைப்பேசியில், வங்கிச் செயலி திடீரென்று ‘இந்தப் பதிப்பில் இனி இயங்காது’ என்று அறிவித்துவிட்டு நின்றுபோவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரும்பாலான தையல் இயந்திரம் தேய்ந்தால்தான் நிற்கும். டிஜிட்டல் கருவியோ தேயாமலேயே முதுமை அடைகிறது. உள்ளிருக்கும் பாகங்களைவிட, மென்பொருளைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிதாக ஒன்றை எழுதுபவருக்குக் கிடைக்கும் பாராட்டில் சிறு பங்குகூட, எழுதியதைப் பராமரிப்பவருக்கு எங்கள் துறையில் கிடைப்பதில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையே எடுத்துக்கொள்வோம். கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டால் மட்டும் போதாது. கைப்பேசியின் மூளையான சில்லைத் தயாரித்த நிறுவனம், அந்தச் சில்லை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு நிரல்களான தன் டிரைவர்களை அதற்கேற்பத் திருத்தித் தரவேண்டும். கைப்பேசி நிறுவனம் அதன்மேல் தன் மாற்றங்களைப் பொருத்திச் சோதிக்கவேண்டும். சில்லு நிறுவனம் பழைய சில்லைக் கைவிட்டுவிட்டால், கைப்பேசி நிறுவனம் விரும்பினாலும் அதிகம் செய்ய இயலாது. இந்தப் பிடியைத் தளர்த்தவே 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0 உடன் ‘ட்ரெபிள்’ என்ற ஏற்பாடு வந்தது. வன்பொருளைச் சார்ந்த அடுக்கை இயங்குதளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து அது பிரித்தது. 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் தருவதாக அறிவிப்பு வந்தது. வரவேற்கத்தக்க போக்குதான், ஆனால் இவை விலை உயர்ந்த ரகங்கள் என்பதையும், ஒரே கைப்பேசியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கவேண்டிய நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் இவற்றை வாங்குவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கணினியிலும் இதே கதைதான். 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் அதன் வாசலிலேயே நின்றுவிட்டன. சர்வரை நம்பியிருக்கும் கருவிகளின் நிலை இன்னும் மோசம். வீட்டிலுள்ள விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்க உதவிய ரிவால்வ் கருவியின் நிறுவனத்தை 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் சர்வர் நிறுத்தப்பட்டதும், சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி எதற்கும் உதவாமல் போனது.

இதற்கெல்லாம் நிறுவனங்களின் பேராசையை மட்டும் காரணம் காட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள், தன்னைச் சுற்றியுள்ளவை மாற மாறத் தானும் மாறியாகவேண்டும், இல்லையேல் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்று கணினி அறிவியலாளர் மெயர் லேமன் 1970-களிலேயே வகுத்துச் சொன்னார். அந்த மாற்றத்தைச் செய்யும் கைகள் எவ்வளவு குறைவு என்பதுதான் வெளியே தெரிவதில்லை. இன்றைய செயலி ஒன்றில், அதை உருவாக்கிய குழு எழுதிய வரிகளைவிடப் பிறர் எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் வெளியிட்ட திறந்தமூல நிரல்களே பெரும்பாலும் அதிகம். மென்பொருளுக்குள் நடப்பவற்றைப் பதிவுசெய்ய உதவும் லாக்4ஜே என்ற திறந்தமூல நிரலில் 2021 டிசம்பரில் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைக்கு அபாய அளவில் 10-க்கு 10 தரப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்களில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் உண்டு, பராமரித்தவர்களோ தன்னார்வலர்கள். தங்கள் மென்பொருளில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்ற கேள்விக்கே பல குழுக்களிடம் அன்று பதில் இல்லை, ஏனெனில் யாரும் நேரடியாகச் சேர்க்காமல், சேர்த்த ஏதோ ஒன்றின் உள்ளே அது வந்து அமர்ந்திருந்தது.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியை ஏறத்தாழ ஒருவரே பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த எவரோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு பெற்றபின், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் கணினிகளுக்குள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைவது சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் காரணத்தைத் துருவிப் பார்த்ததால்தான், அது பரவலாக நிலைபெறுமுன் பிடிபட்டது. களைத்துப்போயிருந்த ஒரு பராமரிப்பாளருக்கு நீண்ட காலம் தோள்கொடுக்க வந்தவர் இப்படிப்பட்ட ஒருவர்தான் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இப்போது நிமிடங்களில் நிரல் எழுதித் தருகின்றன. நானும் பயன்படுத்துகிறேன், சலிப்பூட்டும் வேலைகளில் நேரம் மிச்சமாகிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் யாரும் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளாத நிரல் பெருகப் பெருக, பல ஆண்டுகள் கழித்து அதைத் திருத்தவேண்டியவரின் சுமைதான் கூடும் என்று அஞ்சுகிறேன்.

சட்டங்கள் மெல்ல அசைகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டாகவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு கைப்பேசி மாடல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பின்னும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகளைக் கோருகின்றன.

அந்தக் கெடுவும் முடிந்தபின் என்ன செய்வது? பெபிள் கைக்கடிகார நிறுவனம் 2016-இல் மூடப்பட்டபின், பயனர்களே ரெபிள் என்ற குழுவாகத் திரண்டு மாற்று சர்வர்களை நடத்தினார்கள். பெபிளின் மென்பொருள் உரிமை பின்னர் கூகுளிடம் வந்துசேர்ந்திருந்தது; 2025 ஜனவரியில் கூகுள் பெபிளின் இயங்குதள நிரலைத் திறந்தமூலமாக வெளியிட்டது. பிறருக்கு உரிமையான சில பகுதிகளை நீக்கியே தரவேண்டியிருந்ததால், அதை அப்படியே எடுத்து இயக்க முடியவில்லை. ஆதரவை நிறுத்தும்போது நிரலைத் திறந்துவிடவேண்டும் என்பதை விற்பனைக்கான நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. அப்படி வைத்தால், எந்தப் பகுதியை எவரிடம் எத்தகைய உரிமத்தில் வாங்குவது என்ற முடிவை நிறுவனங்கள் வடிவமைப்பின் முதல் நாளிலேயே வேறுவிதமாக எடுக்கவேண்டிவரும்.